ஹீத்ரோவிலிருந்து உருத்திரபுரம்: 8,700 கிலோமீற்றரும் ஓர் அரை மணித்தியாலமும்

போன கிழமை ஒரு வாசகி கேட்டிருந்தார். "அக்கா, லண்டனிலிருந்து கொழும்புக்கு எத்தனை மணித்தியாலம் பறக்க வேண்டும்? அங்கேயிருந்து கிளிநொச்சிக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? ஒரு கலியாணத்துக்குப் போகிறோம்." முதல் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லலாம். ஹீத்ரோவிலிருந்து கட்டுநாயக்க நேர்கோட்டில் ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர். எங்கேயும் இறங்காமல் போனால் பதினொரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டாவது கேள்விக்கும் இந்தக் காலத்தில் ஒரு வரி போதும். ஆனால் "கலியாணத்துக்கு" என்று எழுதிவிட்டாரே, அதுதான் என்னை இவ்வளவு நீளமாக எழுத வைக்கிறது. நானும் அப்படி ஒரு கலியாணத்துக்குத்தான் போனேன், 2001ஆம் ஆண்டு தை மாதக் கடைசியில், அப்பாவோடு.

அப்பாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் வடக்கு ரயில் பாதையில் ஸ்டேசன் மாஸ்டராக இருந்தவர். சின்னச் சின்ன ஸ்டேசன்கள்தான், ஆனால் அவருடைய மிடுக்கைப் பார்த்தால் கொழும்புக் கோட்டை ஸ்டேசனையே கட்டி ஆண்டவர் என்று நினைப்பீர்கள். யாராவது ஐந்து நிமிடம் பிந்தி வந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. 1990இல் ரயில் நின்று போனது. அடுத்த வருடம் கண் ஒப்பரேசனுக்காக ஆறு மாதம் என்று சொல்லி லண்டனுக்கு என்னிடம் வந்தார். அம்மா என் தங்கச்சி சுகந்தியோடு கிளிநொச்சிக்குப் பக்கத்தில், உருத்திரபுரத்தில் வயலைப் பார்த்துக்கொண்டு நின்றா. ஆறு மாதம் பத்து வருடமானது. பாதை பூட்டுவதும் திறப்பதுமாக இருந்தது, சண்டை விட்டபாடில்லை. அப்பா ஒரு பெற்றோல் நிலையத்தில் இரவு வேலைக்குப் போனார். கிளிநொச்சி இடம்பெயர்ந்தபோது அம்மாவும் சுகந்தியும் அக்கராயன் பக்கம் போய், பிறகு திரும்பி வந்து, பாதி இடிந்த வீட்டுக்குக் கூரை போட்டு இருந்தார்கள். இதெல்லாம் எங்களுக்குக் கடிதத்தில்தான் தெரியும். வன்னியில் அப்போது தொலைபேசி இல்லை.

சுகந்திக்குக் கலியாணம் சரிவந்தது. முகூர்த்தம் வெள்ளிக்கிழமை காலை 9.12 முதல் 10.26 வரை என்று அம்மா எழுதியிருந்தா. கீழே ஒரு வரி: "தாரை வார்க்க நீங்கள் வரவேணும். நான் தனிய மணவறையில் இருக்கேலாது." தகப்பன் இல்லாத இடத்தில் வேறொரு தம்பதிதான் பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும். தாய் தனியே செய்யும் வழக்கம் எங்களிடம் இல்லை. அப்பா அந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "பத்து வரியமா ஒண்டும் செய்யேல்லை. இதையெண்டாலும் செய்ய வேணும்" என்றார். அதற்குப் பிறகு வீட்டில் வேறு கதை இல்லை.

பாதுகாப்பு அனுமதிக்கு மூன்று மாதம் அலைந்தோம். கொழும்பில் இருந்த ஒரு மச்சான் நாயாய் அலைந்து வாங்கித் தந்தார். விமானச் சீட்டு ஆளுக்கு 495 பவுண். பயணத் திட்டம் முழுக்க அப்பாவின் பொறுப்பு. ரயில் நேர அட்டவணை போல எழுதி குளிர்பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டார். செவ்வாய் இரவு 8.30க்கு ஹீத்ரோவில் ஏறினால் புதன் பகல் 1.20க்குக் கட்டுநாயக்க. இலங்கை லண்டனைவிட ஆறு மணித்தியாலம் முந்தி. நான் படிக்கும் காலத்தில் ஐந்தரையாக இருந்தது, இடையில் அரசாங்கம் மாற்றிவிட்டது என்று மச்சான் சொல்லியிருந்தார். புதன் இரவு வவுனியா. வியாழன் காலை இராணுவத்தின் பக்கத்திலிருந்து இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னிக்குள் கடந்து, பின்னேரம் வீடு. "ஒரு முழு இரவு கையில மிச்சம் இருக்கு பிள்ளை" என்று அப்பா பெருமையாகச் சொன்னார். நாமொன்று நினைக்கத் தெய்வமொன்று நினைக்கும் என்பார்கள். எங்கள் தெய்வம் அன்றைக்கு மூடுபனியாக வந்து ஓடுபாதையில் படுத்துக்கொண்டது.

இரவு முழுவதும் ஹீத்ரோவின் பிளாஸ்ரிக் கதிரைகளில் இருந்தோம். விமானம் புதன் காலை 7 மணிக்குத்தான் கிளம்பியது. பத்து மணி ஐம்பது நிமிடப் பறப்பு. கட்டுநாயக்கவில் இறங்கும்போது புதன் நள்ளிரவுக்குப் பத்து நிமிடம் இருந்தது. மிச்சம் வைத்திருந்த அந்த ஒரு இரவு ஹீத்ரோவிலேயே போய்விட்டது.

இறங்கியதும் அப்பா செய்த முதல் வேலை, விமான நிலையத்து மணிக்கூட்டைப் பார்த்துத் தன் கைமணிக்கூட்டைத் திருத்தியதுதான். இது அவருடைய தொழில் வழக்கம். அந்தக் காலத்தில் ஒவ்வொரு ஸ்டேசனுக்கும் தினமும் கொழும்பிலிருந்து நேரம் வருமாம். அதற்குத்தான் எல்லா மணிக்கூடும் திருத்த வேண்டும். கொழும்பு சொன்னால் காங்கேசன்துறையிலும் அதுதான் நேரம். சூரியன் வேறு மாதிரிச் சொன்னாலும் சூரியன்தான் பிழை. "ஒரு லைனுக்கு ஒரு நேரம்தான். இனி இதைத் தொடக் கூடாது" என்று சொல்லிச் சட்டைக் கையை இழுத்து மணிக்கூட்டின் மேல் விட்டார்.

வாடகை வான் சாரதி இரவில் ஓடமாட்டேன் என்று சொல்லிவிட்டார், சோதனைச் சாவடிகள் விடிந்த பிறகுதான் விடுமாம். அதிகாலை 4 மணிக்குப் புறப்பட்டோம். வாடகை 6,500 ரூபாய், தூரம் சுமார் 250 கிலோமீற்றர். மதவாச்சிக்குப் பிறகு இறக்கி ஏற்றி, பெட்டியைக் கொட்டி, சுகந்திக்குப் பரிசாக வாங்கிய சேலையைக்கூட விரித்துப் பார்த்தார்கள். வவுனியாவுக்கு வர 11.30. அங்கேயிருந்து மன்னார் வீதியில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போய்க் கடக்கும் இடத்தை அடைந்தோம். வரிசை பெரிது. இந்தப் பக்கச் சோதனை, நடுவில் பெட்டிகளோடு நடை, அந்தப் பக்கப் பதிவு. எல்லாம் முடிய இருட்டத் தொடங்கியிருந்தது. ஒரு ட்ரக்ரர் பெட்டியில் ஏறி மல்லாவிக்குப் போய்ச் சேர இரவு எட்டு மணி தாண்டிவிட்டது. மச்சானுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் புட்டும் முட்டைப் பொரியலும் தந்து பாய் போட்டது. விடிய ஆறு மணிக்குக் கார் வரும் என்று வீட்டுக்காரர் சொன்னார்.

இந்த இடத்தில் கவனமாகப் படியுங்கள். மறுநாள் கார் வந்தது. அப்பாவின் கைமணிக்கூட்டில் ஆறரை.

சாரதியின் பெயர் பழனி. மலையகத்திலிருந்து எழுபதுகளில் வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பம், நாற்பது வயதிருக்கும். கார் அவரைவிட மூத்தது, பழைய மொறிஸ். பெற்றோல் கிடைக்காத காலம், மண்ணெண்ணெயில்தான் ஓடியது. ஒரு சின்ன மருந்துப் போத்தலில் இருந்து நாலு சொட்டுப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை எழுப்ப வேண்டும். எழும்பிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். புகை கண்ணைக் கரிக்கும்.

அப்பா எடுத்த எடுப்பில் ஏசினார். "தம்பி, ஆறு மணி எண்டால் ஆறு மணி. இண்டைக்கு எங்கட பிள்ளையின்ர கலியாணம். அரை மணித்தியாலம் பிந்தி வந்து நிக்கிறீர்."

"நான் ஆறுக்கே வந்துட்டேனேங்க ஐயா" என்றார் பழனி.

அப்பா சட்டைக் கையை விலக்கி மணிக்கூட்டைக் காட்டினார். பழனி அதைப் பார்த்தார், பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், கலியாண வீட்டுக்குப் போகிற பெரிய மனிதரோடு காலங்காத்தாலே வாதாடக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, "சரிங்க ஐயா, ஏறுங்க" என்று மட்டும் சொன்னார். நானும் அப்பாவை அடக்குவதிலேயே இருந்துவிட்டேன். லண்டனில் எந்த சாரதியும் தன் பக்க நியாயத்தை இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்க மாட்டான் என்று நினைத்தது ஞாபகம். ஏன் விட்டார் என்று யோசித்திருக்கலாம்.

உருத்திரபுரம் அங்கேயிருந்து ஐம்பது கிலோமீற்றர்கூட இல்லை. ஆனால் அதை வீதி என்று சொன்னால் வீதிகளுக்குக் கோபம் வரும். மாரி மழை இரண்டு இடத்தில் அறுத்திருந்தது. காட்டுக்குள் இறங்கிச் சுற்றி ஏறினோம். துணுக்காய் தாண்டி ஒரு இடத்தில் கார் இருமி இருமி நின்றது. பழனி எண்ணெய்க் குழாயைக் கழற்றி வாயால் ஊதி, துணியால் துடைத்து, மறுபடி பூட்டி, மறுபடி கழற்றினார். ஒன்றரை மணித்தியாலம். அப்பா வீதியில் இப்படியும் அப்படியும் நடந்தார். பிந்திய ரயிலுக்குக் காத்திருக்கும்போது பிளாட்பாரத்தில் அவர் நடப்பதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அதே நடை. ஆனால் அப்போது யாரையாவது ஏசிக்கொண்டு நடப்பார். இப்போது நிமிடத்துக்கு ஒரு தரம் சட்டைக் கையை விலக்கி மணிக்கூட்டைப் பார்த்தார், எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

மறுபடி ஓடத் தொடங்கிய பிறகு அப்பா சட்டைக் கையை மடித்தே விட்டுவிட்டார். 9.40. 10 மணி. 10.15. அக்கராயன் வருகிறது என்று பழனி சொன்னபோது 10.24. கடைத்தெருவின் முதல் கடை தெரியும்போது அப்பா கண்ணை மூடிக்கொண்டார். 10.26.

"முடிஞ்சுது" என்றார். "தம்பி, நிப்பாட்டும். ஒரு தேத்தண்ணி குடிப்பம்."

"இன்னும் இருவது நிமிசம்தாங்க ஐயா. நிப்பாட்டினா வண்டி திரும்ப எழும்பக் கொஞ்சம் மக்கர் பண்ணும்."

"எழும்பாட்டிலும் பரவாயில்லை. இனி என்னத்துக்கு அவசரம்? தாலி கட்டியாச்சு. இந்த முகத்தோட நான் அங்க போய் இறங்கேலாது. கழுவிப்போட்டுப் போவம்."

கடை என்றால் நாலு கம்பும் ஒரு தகரமும். ஓர் அம்மா விறகடுப்பில் தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தா. தகரத்தைத் தாங்கிய கப்பில் ஒரு சுவர் மணிக்கூடு தொங்கியது. நான் பார்த்தேன், அது பத்து மணிக்கு நாலு நிமிடம் என்றது. அப்பாவும் பார்த்தார். அதை உறுதியாகச் சொல்வேன், ஏனென்றால் பிழையான நேரம் காட்டும் மணிக்கூட்டைக் கண்டு என் அப்பா சும்மா இருந்ததே இல்லை. லண்டனில் பல் வைத்தியர் வீட்டு மணிக்கூட்டைக்கூடக் கதிரையில் ஏறித் திருத்தியவர். அன்றைக்கு மட்டும் ஒன்றும் சொல்லாமல் மர வாங்கில் இருந்துவிட்டார். துக்கம் அந்த மனிதரின் வாயை வாழ்நாளில் ஒரே ஒரு முறை கட்டிப்போட்டது, அது அந்தக் கடையில்தான்.

தேநீர் வந்தது. பனங்கட்டித் துண்டும் தந்தார்கள், சீனி இல்லை. குடித்தோம். அப்பா கிணற்றடிக்குப் போய் முகம் கழுவி, பெட்டியில் இருந்த பட்டு வேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்தார். தாரை வார்க்க என்று வாங்கிய வேட்டி. காசு கொடுத்துவிட்டுப் புறப்படும்போதுதான் பழைய குணம் எட்டிப் பார்த்தது.

"பிள்ளை, உங்கட மணிக்கூடு அரை மணித்தியாலம் பிந்தி ஓடுது. திருத்தி விடுங்கோ."

அந்த அம்மா சிரித்தா. "இல்லை ஐயா, அது சரியாத்தான் ஓடுது. நீங்கள் அங்கால இருந்து வாறியள் போல. உங்கட கையில இருக்கிறது புது நேரம். அரசாங்கம் மாத்தினது, இஞ்ச ஒருத்தரும் மாத்தேல்லை. இஞ்ச எல்லாருக்கும் பழைய நேரம்தான். பஞ்சாங்கமும் அதுதானே."

நான் கடை மணிக்கூட்டைப் பார்த்தேன். 10.13.

அப்பாவின் முகத்தை எப்படி எழுதுவது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. "பழனி!" என்று கத்தினார். காலையில் தம்பி என்று கூப்பிட்டவர் பெயர் சொல்லிக் கத்தினார். பழனி ஏற்கனவே மருந்துப் போத்தலோடு ஓடிக்கொண்டிருந்தார். எஞ்சின் எழும்பவில்லை. சொட்டு விட்டார், சுழற்றினார், இருமியது, நின்றது. போத்தலில் மிச்சமிருந்ததை ஊற்றினார். நானும் கடையில் இருந்த இரண்டு பேரும் தள்ளினோம். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்பாவும் தள்ளினார். எழுபது வயது. எஞ்சின் எழும்பியபோது ஐந்து நிமிடம் போயிருந்தது.

அந்த வழியில் பழனி ஓடிய ஓட்டத்தைப் போல நான் பிறகு எங்கேயும் காணவில்லை, ஆனாலும் அந்தப் பள்ளங்கள் இருபது நிமிடத்தில் ஒன்றைக்கூடக் குறைத்துத் தரவில்லை. அவர் ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தார். "காலையிலயே சொல்லியிருக்கணும் ஐயா. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சுட்டேன்." அப்பா, "உம்மில பிழை இல்லை" என்றார்.

வீட்டு வாசலில் வாழை கட்டியிருந்தது. மேளம் ஓய்ந்திருந்தது. சனம் வரிசையாக நின்று மணமக்களுக்கு அறுகரிசி போட்டு வாழ்த்திக்கொண்டிருந்தார்கள். ஐயர் கடைசி நிமிடம் வரை இழுத்திருக்கிறார். "கார் சத்தம் கேக்குதோ பாருங்கோ" என்று அம்மா மூன்று தரம் ஆளனுப்பி வீதியைப் பார்க்கச் சொன்னாவாம். 10.20க்குத் தாரை வார்த்து, 10.24க்குத் தாலி. நாங்கள் இறங்கும்போது 10.38. சித்தப்பாவும் சின்னம்மாவும் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பதிலாக இருந்து தாரை வார்த்துக் கொடுத்திருந்தார்கள். சித்தப்பா ஓடி வந்து அப்பாவின் இரண்டு கையையும் பிடித்தார். அவருடைய கை தாரைத் தண்ணீரில் இன்னும் ஈரமாக இருந்தது.

நிற்காமல் வந்திருந்தால் 10.16க்கு இறங்கியிருப்போம். இந்தக் கணக்கை நான் எத்தனை தரம் போட்டுப் பார்த்தேன் என்று கேட்காதீர்கள். விடை ஒரு தரமும் மாறவில்லை.

அம்மா பந்தலுக்குள்ளிருந்து வந்தா. பத்து வருடத்தில் மெலிந்து, முன்தலை முழுக்க நரைத்திருந்தது. அப்பா "வணக்கம்" என்றோ "சுகமோ" என்றோ சொல்லவில்லை. பிழை செய்த பிள்ளை போலக் கைமணிக்கூட்டைக் காட்டி, இங்கே நேரம் மாற்றாதது தெரியாது, கொழும்பு நேரத்துக்கு வைத்துவிட்டேன் என்று சொல்லத் தொடங்கினார். அம்மா கேட்டுக்கொண்டு நின்றா. பிறகு சொன்னா:

"லண்டனில இப்ப விடிய அஞ்சு மணி பத்து நிமிசம். நீங்கள் வேலையால வர இன்னும் ஒரு மணித்தியாலம் கிடக்கு. பத்து வரியமா எனக்கு இது மனப்பாடம். இஞ்ச எத்தினை மணியெண்டு நீங்கள் ஒருக்காலும் யோசிக்கேல்லையோ?"

கோபமாகச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு மணவறைக்குக் கூட்டிக்கொண்டு போனா. சுகந்தி எழும்பி வந்து காலில் விழுந்தாள். அப்பா அறுகரிசியை வைத்துக்கொண்டு, போட மறந்து, நின்றபடி அழுதார்.

எங்கள் அனுமதி பத்து நாளைக்குத்தான். முடிந்ததும் அப்பா என்னோடு திரும்பி வந்தார். பாதை திறந்ததும் அம்மாவிடம் நிரந்தரமாகப் போவது என்று சொல்லிக்கொண்டிருந்தவர், அந்த வருடம் முடிவதற்குள் லண்டனில் நெஞ்சு வலியில் போய்விட்டார். அடுத்த மாசி மாதம்தான் பாதை திறந்தது. இதையும் கணக்குப் போட்டுப் பார்க்கத் தேவையில்லை.

இனி, கேள்வி கேட்ட வாசகிக்கு. ஹீத்ரோ–கட்டுநாயக்க பதினொரு மணித்தியாலம் என்று வையுங்கள். கட்டுநாயக்கவிலிருந்து கிளிநொச்சிக்கு இப்போது வாடகை வானில் ஆறு, ஏழு மணித்தியாலம். கடவை இல்லை, அனுமதி இல்லை, மண்ணெண்ணெய்க் காரும் இல்லை. இரவு விமானத்தில் வந்தால் சாரதியை நித்திரை கொள்ளவிட்டுப் புறப்படுங்கள். தை, மாசி மாதங்களில் லண்டன் மூடுபனியை நம்பாதீர்கள், இரண்டு நாள் மிச்சம் வைத்தே சீட்டு எடுங்கள். 2006இல் நாடு முழுவதும் பழைய ஐந்தரைக்கே திரும்பிவிட்டது, ஆகவே நேரக் குழப்பமும் இனி இல்லை. நாங்கள் அறிந்த ஒரே உண்மையான பயணக் குறிப்பு இன்றைக்கு யாருக்கும் உதவாது. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். பிந்திவிட்டது என்று உங்களுக்கு எவ்வளவு நிச்சயமாகத் தெரிந்தாலும் தேத்தண்ணிக்கு நிற்காதீர்கள். போய் இறங்கிய பிறகு குடிக்கலாம்.

சுகந்தியின் கலியாணப் படம் ஒன்று என் வீட்டு அலுமாரியின் மேல் இருக்கிறது. தாரை வார்க்கும் நேரம் எடுத்தது. சித்தப்பா கையை நீட்டியிருக்கிறார், சின்னம்மா செம்பிலிருந்து தண்ணீர் வார்க்கிறா, சுகந்தி குனிந்திருக்கிறாள். எல்லாரும் அந்தத் தண்ணீரைத்தான் பார்க்கிறார்கள். பின்னால் நிற்கிற அம்மா மட்டும் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறா.